எங்கள் தீவுப் பேராசிரியர்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்தது 2004ஆம் ஆண்டு. பொறியியல் மாணவன். ஊர், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள வேலணை. ஊர் என்று சொல்கிறேனே தவிர, ஏழு வயதில் இடம்பெயர்ந்து போனவனுக்கு அது பாதி நினைவும் பாதி அம்மம்மா சொன்ன கதையும்தான். பேரவைத் தம்பி தங்கையர் இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, என் மாணவப் பருவத்தைப் பற்றி எழுதுவதா, தனிநாயகம் அடிகளாரைப் பற்றி எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது என்று தெரிந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

வார நாள்களில் என் வாழ்க்கை விடுதி, விரிவுரை மண்டபம், ஆய்வுக்கூடம், மாமாக் கடை என்ற நான்கு இடங்களுக்குள் அடங்கிவிடும். காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே ஓ. காலை உணவை இங்குள்ளவர்கள் பசியாறுதல் என்று சொல்வது முதலில் எனக்குப் புதுமையாக இருந்தது. பிறகு அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை என்று தோன்றியது. இரவில் பாடக்குறிப்பு, சட்டை துவைத்தல், ஊருக்குப் பேச அட்டையில் எத்தனை நிமிடம் மிச்சம் என்ற கணக்கு. பல்கலைக்கழகத்தில் படித்த எவருக்கும் இவை புதியன அல்ல.

ஒன்றைத்தான் இத்தனை ஆண்டு மறைத்து வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றால் தமிழில் கரைகண்டவன் என்ற எண்ணம் இங்கு பலருக்கு இருக்கிறது. முதலாண்டிலேயே ஒரு கூட்டத்தில் சங்கப் பாடல் ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி மூத்த அண்ணன் ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டார். நானோ உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பதினாறு வயதுக்குப் பிறகு தமிழ்ப் பாடநூலைத் தொட்டதில்லை. கூட்டத்தன்று வயிற்றுவலி என்று சொல்லி அறையில் படுத்துக்கொண்டேன். எனக்குப் பதிலாக ஈப்போவிலிருந்து வந்த கணக்கியல் மாணவி ஒருத்தி குறுந்தொகையைப் பற்றி அழகாகப் பேசினாள் என்று மறுநாள் கேள்விப்பட்டபோது உண்மையிலேயே வயிறு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வளாகத்தை விட்டு வெளியேறுவேன். யூனிவர்சிட்டி நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல். இறங்கிச் சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பு ஒன்று வாங்குவேன். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. பிறகு ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில். நல்லூரை நினைத்துக்கொண்டு நிற்பதற்குக் கோலாலம்பூரில் அதைவிட ஏற்ற இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அது யாழ்ப்பாணத்தார் கட்டிய கோயில். ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வேலை பார்க்க அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கே.எல். சென்ட்ரல் இன்று நிற்கும் நிலமே பழைய இரயில் பணிமனை வளாகம்தான். மலாயாப் பென்சன் எடுக்கும் வீடு என்றால் எங்கள் தீவுப் பகுதியில் தனி மதிப்பு. கல்வீடு, கிணறு, பெண்ணுக்குச் சீதனம் எல்லாம் இந்தத் தண்டவாளங்களிலிருந்து போனவை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் அங்கிருந்து கிள்ளான் துறைமுகத் தடத்துக் கொமுட்டரில் ஏறுவேன். பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று ஆடி ஆடிச் செல்லும் வண்டி கிள்ளானை அடைய ஒரு மணி நேரம் ஆகும். தெங்கு கிளானா சாலையில் மாலைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி நடந்தால் ஒரு வீடு. அம்மம்மாவின் உறவில் திருமணம் செய்துகொண்டு வந்து, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமி அங்கிருந்தார். மாமி சமைக்கும் மீன் குழம்பு கிள்ளான் குழம்பும் அல்ல, வேலணைக் குழம்பும் அல்ல. அறுபது ஆண்டில் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று ஆகியிருந்தது. இலங்கையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள் கப்பல் விட்டு இறங்கிய துறைமுகங்களில் கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகமும் ஒன்று. அன்று அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அத்துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய நூல் அலுமாரி மட்டும் கூடத்தில் நின்றது.

2005ஆம் ஆண்டு ஒரு மழை நாள். கொமுட்டர் தாமதம் என்று செய்தி வர, பொழுது போகாமல் அந்த அலுமாரியைத் திறந்தேன். தடித்த நூல் ஒன்று கையில் வந்தது. ஆன்ட்டம் டி புரோயென்சா என்ற இயேசு சபைப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீச அகராதி. 1679இல் இன்றைய கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. என் கையில் இருந்தது அதன் மறுபதிப்பு. வெளியிட்டது யார் என்று பார்த்தேன்: மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, கோலாலம்பூர், 1966. வாரத்தில் ஐந்து நாள் நான் கடந்து போகும் துறை! பதிப்பித்தவர் சேவியர் எஸ். தனிநாயகம். மாமி அடுப்படியிலிருந்து வந்து, இவர் யார் தெரியுமா, உன் தீவுக்காரர், கரம்பொன்னில் பிறந்தவர் என்றார். கரம்பொன் வேலணையிலிருந்து சைக்கிளில் போய்வரும் தொலைவு. எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினேன். மாமி நம்பவில்லை.

அன்று தொடங்கியதுதான் அடிகளாரின் வாழ்க்கையை நான் தேடிப் படித்தது. பாடத்திட்டத்தில் இல்லை, தேர்வுக்கும் இல்லை.

அவர் பிறந்தது 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2. வீட்டில் இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்டனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் பெயர். பின்னாளில் தமிழ்நாட்டில் இருந்தபோது அவரே அதை எடுத்துச் சூடிக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. எல்லாம் ஆங்கில வழி. குருவாக வேண்டும் என்ற விருப்பத்தில் கொழும்பில் குருமடம் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். வயது 21.

அந்த உரோமாபுரி ஆண்டுகளில்தான் நான் அதிகம் தங்கிவிட்டேன். அயல்நாட்டில் படிக்கும் மாணவனுக்கு இன்னொரு மாணவனின் கதை சுவைக்கத்தானே செய்யும். உர்பன் கல்லூரி ஜனிகுலும் குன்றின்மேல் இருக்கிறது. பல கண்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். விரிவுரை இலத்தீனில், கடைத்தெரு இத்தாலிய மொழியில், நண்பர்களோடு பேச்சு இன்னும் நான்கைந்து மொழிகளில். வெளியே முசோலினியின் ஆட்சி. 1935இல் இத்தாலிய படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. அந்த நகரத்தில் கறுத்த தோலோடு ஒரு மாணவன் தெருவில் நடப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

ஐந்து ஆண்டுகள் அங்கே படித்தார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரத்துக் குருமார்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் ஆனார். விடுமுறைகளில் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவந்தார். மொழிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்: இத்தாலியம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், போர்த்துக்கீசம். அங்கிருந்த தமிழ் மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகமும் நடத்தினார். இத்தாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடிய முனிவர் பெயரில், தமிழர் இத்தாலிக்குப் போய்க் கழகம் வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும். நம் பேரவையைப் போல அங்கேயும் தேநீருக்குக் காசு சேர்க்க ஒருவர் அலைந்திருப்பார்.

ஆனால், இத்தனையும் கற்றவருக்குத் தமிழ் அப்போது போதுமான அளவு தெரியாது. வர்ஜில் தெரிந்த அளவுக்குக் கபிலர் தெரியாது. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட எனக்கு இந்தச் செய்தி எவ்வளவு ஆறுதல் தந்தது என்று சொல்லவேண்டியதில்லை. அவர் படுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் மேலே படிக்கும்போது கண்டுகொண்டேன்.

படிப்பு முடிந்து அவர் பணியேற்றது யாழ்ப்பாணத்தில் அல்ல, தூத்துக்குடி மறைமாவட்டத்தில். 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். தேரிமணலும் பனையும் நிறைந்த வட்டாரம் அது. பனை எங்கள் தீவுக்கும் சொந்தம். அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றார். உரோமையில் முனைவர் பட்டம் வாங்கிய கத்தோலிக்கக் குரு, 27 வயதில், கிராமத்துப் பண்டிதர் ஒருவர் முன் எழுத்தும் சொல்லும் படிக்கத் தொடங்குகிறார். அடிகளாரைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் உலகப் பயணங்களைத்தான் விரித்துச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய மிக நீண்ட பயணம் உரோமாபுரியிலிருந்து வடக்கன்குளத்துக்குச் சென்றதுதான்.

அதோடு நிற்கவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு மீண்டும் மாணவரானார். தமிழில் முதுகலை முடித்தார். சங்கப் பாடல்களில் இயற்கை எவ்வாறு வருகிறது என்று ஆராய்ந்து 1949இல் எம்.லிட். பட்டம் பெற்றார். திணையும் நிலமும் பற்றிய அந்த ஆங்கில ஆய்வு 1953இல் நூலாக வந்தது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு சங்கக் கவிதையை அருகருகே வைத்துப் பார்க்கும் அந்த நூலை ஒரு செமஸ்டர் விடுமுறை முழுவதும் நம் நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். குறுந்தொகைக்குள் நான் நுழைந்தது அந்த ஆங்கில வாசல் வழியாகத்தான். வெட்கம் என்ன இருக்கிறது? அவரும் சுற்றிக்கொண்டு வந்தவர்தானே.

1949 முதல் இரண்டாண்டுகள் ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா என்று தமிழைப் பற்றிப் பேசிக்கொண்டே சுற்றினார். போன இடங்களில் அவர் கண்டது ஒன்றே. இந்தியவியல் என்றால் சமஸ்கிருதம் என்றே அறிஞர் பலர் நினைத்தார்கள். தமிழைப் பற்றி அறிய விரும்பியவர்களுக்கும் அவர்கள் படிக்கும் மொழியில் ஏடு எதுவும் இல்லை. ஆகவே 1952இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அது 1966 வரை நடந்தது. அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். தமிழ்த் துறையில் அல்ல, கல்வித் துறையில்! 1955 முதல் 1957 வரை இலண்டனில் தங்கிப் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து இன்னொரு முனைவர் பட்டம் பெற்றார். 42 வயதில் மூன்றாம் முறையாக மாணவர். நான் நான்கு ஆண்டிலேயே களைத்துவிட்டேன்.

இலண்டன், லிஸ்பன், உரோமை என்று ஐரோப்பாவில் இருக்கும்போதெல்லாம் அவர் கால்கள் நூலகங்களுக்குப் போயின. ஞாயிறு தோறும் நான் பிரிக்பீல்ட்ஸ் போனதைப் போல என்று எழுத ஆசைதான். ஆனால் நான் தோசைக்குப் போனேன். 1554இல் லிஸ்பனில் அச்சான சிறிய சமய நூல் ஒன்றைத் தமிழுலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் அது. அதை ஆக்குவதற்குத் துணைநின்றவர்கள் தென்னகக் கடற்கரையிலிருந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்த மூவர். அயல்நாட்டில் குளிரில் உட்கார்ந்து தாய்மொழியை எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக்கொடுத்த அந்த மூவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. புரோயென்சாவின் அகராதியை அடிகளார் கண்டது வத்திக்கான் நூலகத்தில், 1954ஆம் ஆண்டு. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். பதினேழாம் நூற்றாண்டில் தமிழர் வாயில் வழங்கிய பேச்சுச் சொற்களும் அதில் இருக்கின்றன. பண்டிதர்களின் நிகண்டுகள் கண்டுகொள்ளாத சொற்களை ஓர் அயல்நாட்டார் காதால் கேட்டு எழுதி வைத்தார். நம்மவர் ஒருவர் 275 ஆண்டுகள் கழித்து அதைக் கண்டெடுத்தார்.

அதை அச்சிட இலங்கையிலும் முடியவில்லை, தமிழகத்திலும் முடியவில்லை. இறுதியில் கோலாலம்பூரில்தான் முடிந்தது. அதற்குக் காரணம் நம் துறையின் கதையோடு சேர்ந்தது.

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்று பெரிய வழக்கு நடந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்தார்கள். கிள்ளான் மாமாவும் கொடுத்ததாக மாமி சொன்னார். 1956இல் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூர் பந்தாய்ப் பள்ளத்தாக்கு வளாகத்துக்கு வந்தது. முதல் தலைவர் மு. இராசாக்கண்ணு. அவருக்குப் பின் 1961இல் பொறுப்பேற்றவர் தனிநாயகம் அடிகளார்.

இலங்கையில் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழைப் பற்றி யார் எது பேசினாலும் அது அரசியலாகப் பார்க்கப்பட்டது. அடிகளாரும் மொழியுரிமைக்காக எழுதினார், பேசினார். தமிழ்நாட்டிலோ இந்தி எதிர்ப்பு கனன்றுகொண்டிருந்தது. தமிழ் மக்கள் கணிசமாக வாழ்கின்ற, ஆனால் தமிழாய்வை எவரும் ஐயத்தோடு பார்க்காத நாடு அன்று மலாயாதான். இது என் கணிப்பு. வரலாற்று மாணவர்கள் மறுக்கலாம்.

1964ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழறிஞர்களையும் திராவிடவியல் அறிஞர்களையும் சனவரி 7ஆம் நாள் ஓர் அறையில் கூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அடிகளார் உருவாக்கினார். வ. அய். சுப்பிரமணியம் உடன் நின்றார். பிரான்சின் ழான் ஃபிலியோசா தலைவரானார். தாம் தலைமையேற்காமல் செயலாளர் வேலையை எடுத்துக்கொண்டது அடிகளாரின் இயல்பு. கடிதம் எழுதுவது, பயணச் செலவுக்குப் பணம் கேட்பது, கட்டுரை வராதவருக்கு நினைவூட்டுவது. மலர் நடத்தும் பேரவை நண்பர்களுக்கு இதன் பாடு தெரியும்.

முதல் மாநாடு கோலாலம்பூரில், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை. திறந்து வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். இந்தோனேசியாவோடு மோதல் முடியாத காலம். மலேசியா பிறந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சிங்கப்பூர் பிரிந்து எட்டே மாதம். அந்த நெருக்கடியிலும் 20க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். சங்க இலக்கியத்தையும் கல்வெட்டையும் மொழியியலையும் தென்கிழக்காசியத் தொடர்பையும் எட்டு நாள் பேசினார்கள். அந்த ஆண்டிலேயே தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றும், நான் கிள்ளானில் கண்ட அகராதியும் நம் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தன. மாநாட்டுக் கட்டுரைகள் பின்னர் இரண்டு தொகுதிகளாக அச்சாயின.

மாமி அந்த ஏப்ரலில் இளம் ஆசிரியை. மாமாவும் அவரும் கிள்ளானிலிருந்து பேருந்தில் கோலாலம்பூர் வந்தார்கள். உள்ளே நடந்த ஆங்கிலக் கட்டுரைகள் விளங்கவில்லையாம். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழில் வணக்கம் சொன்னது மட்டும் நாற்பது ஆண்டு கழித்தும் மாமிக்கு நினைவிருந்தது. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகளிடம் அதைத்தான் சொன்னாராம்.

அடிகளாரைப் போற்றி எழுதுவோர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1953க்குப் பிறகு அந்த முதல் ஆய்வுக்கு நிகரான ஆழமான நூல் ஒன்றை அவர் எழுதவில்லை என்பது என் எண்ணம். நேரம் எல்லாம் பிறர் எழுதுவதற்கு வழி அமைப்பதில் போயிற்று. இது இழப்பா? முன்பு அப்படித்தான் நினைத்தேன். இப்போது உறுதியில்லை.

1969இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். வயது 56. இங்கேயே தங்கியிருக்கலாம். ஐரோப்பாவிலும் இடம் இருந்தது. பாரிசிலும் நேப்பிள்சிலும் சில காலம் கற்பித்தார். ஆனால் ஊருக்குத் திரும்பினார். நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. நிறைவு நாளான சனவரி 10ஆம் நாள் இரவு, திறந்தவெளிக் கூட்டத்தில் காவல்துறை புகுந்தது. மின்கம்பி அறுந்து விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். தில்லியில் ஓர் அறையில் பிறந்த ஆராய்ச்சி மன்றத்தின் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்த மக்கள் அவர்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது அடிகளாரின் பெயரைச் சொன்னதில்லை. எனக்கும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

1980ஆம் ஆண்டு தந்தை செல்வா நினைவுப் பேருரை அவருடையது. தமிழாய்வு கடந்து வந்த வழியையும் இனிச் செய்யவேண்டியதையும் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் காலமானார். ஒன்பது மாதம் கழித்து யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். நூலகம் நூலகமாக அலைந்து ஓலையும் தாளும் தேடியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

2008ஆம் ஆண்டு என் படிப்பு முடிந்தது. அடிகளாரின் கதையை மூன்று ஆண்டுகளாகத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தவனுக்கு விடை எளிதாக இருந்திருக்கவேண்டும். அவர் திரும்பினார், நீயும் திரும்பு. ஆனால் ஏ-9 சாலை மூடப்பட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. வன்னியில் போர். தொலைபேசியில் அம்மா அழுதுகொண்டே வராதே என்றார். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இட்ட அன்று கிள்ளானுக்குப் போய் மாமியிடம் சொன்னேன். மாமி நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சோறு போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் அலுமாரியைத் திறந்து அந்த அகராதியை எடுத்துக் கையில் தந்தார்.

போர் முடிந்தபின் 2012இல் பண்ணைப் பாலம் கடந்து தீவுக்குப் போனேன். வேலணையில் எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் இருந்தது. மறுநாள் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு கரம்பொன்னுக்குப் போனேன். வெயில், பனை, உப்புக்காற்று, கூரையில்லாச் சுவர்கள். இங்கிருந்து ஒருவர் 1934இல் உரோமாபுரிக்குப் போனார் என்பதை நம்ப முயன்றுகொண்டே திரும்பினேன். பத்து நாளில் கோலாலம்பூருக்கு விமானம்.

1966க்குப் பிறகு உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1987, 2015, 2023 என்று மும்முறை கோலாலம்பூருக்கு வந்தது. 2023இல் நடந்தது நம் பல்கலைக்கழகத்திலேயே. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பதிவு மேசையில் இருந்த மாணவன் நான் எந்தத் துறை என்று கேட்டான். பொறியியல் என்றதும் நிமிர்ந்து பார்த்தான். முதல் மாநாடு யார் நடத்தியது தெரியுமா தம்பி என்று கேட்டேன். தெரியும் என்று தலையை ஆட்டினான். நான் நம்பவில்லை; அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது.

மாமி இப்போது இல்லை. கிள்ளான் வீட்டை விற்றுவிட்டார்கள். அகராதி என்னிடம் இருந்தது. இந்திய ஆய்வியல் துறையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஒரு வாரத்தில் தருவதாகச் சொல்லி இரவல் வாங்கிப் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. பேரவை மலர் அவர் வீட்டுக்கும் போகும் என்று அறிகிறேன். நண்பரே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.